நாத்தம் தின்னும் பட்டாளம்

ஒரு காட்டுல, மலையடியில ஒரு பொந்து. அதுக்கு நேர் மேலே வௌவால் குகை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெடிப்பு. வௌவாலுங்க இருக்கே, தூங்குற இடத்துலயே ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போகும். மூக்கைப் பொத்தாதீங்க பசங்களா, உங்க யோக்கியதை எனக்குத் தெரியும். அந்த நாத்தம் காத்தோட வெடிப்பு வழியாக் கீழே இறங்கும். கண்ணு எரியும், தொண்டை அடைக்கும்.

கீழ்ப் பொந்துல முள்ளின்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தா. வயித்துல ரெண்டு குட்டி. வீண் வேலைன்னா அவளுக்கு ஆகவே ஆகாது.

அவ அந்த வெடிப்புல மக்கின மரப்பட்டையும் இலையும் அடைச்சு வச்சிருந்தா. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்ன உசிருங்க கோடிக்கணக்குல குடியிருந்துச்சு. அதுங்களுக்கு நாத்தம்தான் சோறு. காத்துல இருக்கிற நாத்தத்தைத் தின்னுட்டு, வெறுங்காத்தைக் கீழே அனுப்பும். முள்ளி தினமும் ஓடையில முங்கி வந்து, முள்ளை உதறிப் பட்டையை நனைப்பா. அந்தப் பட்டாளத்துக்காகப் பேசுறது ரயில்பூச்சி. நூறு காலு, ஆனா எங்கயும் நேரத்துக்குப் போய்ச் சேந்ததில்ல.

ஒருநாள் அடுத்த மலையில அத்தி பழுத்துச்சுன்னு வௌவாலுங்க கூட்டமாக் கிளம்பிருச்சு. அடிச்ச கோடை மழையில குகையும் கழுவி விட்ட மாதிரி ஆயிருச்சு. முள்ளி நிம்மதியாக் குட்டி போட்டா. பெரியவன், சின்னவ.

மறுநாள் ரயில்பூச்சி வந்துச்சு.

"அக்கா, எங்க ஆளுங்க பட்டினி."

"நாத்தமே இல்லையே, அதுக்கு நான் என்ன பண்ண?"

"குகை மூலையில பழைய எச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. தினம் ஒரு உருண்டை கொண்டாந்து பட்டை மேல வைங்க. கொஞ்சம் தண்ணி உதறுங்க. உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க."

முள்ளி சிரிச்சா. "நாத்தம் ஒழிஞ்சதுன்னு நான் சந்தோசமா இருக்கேன். நீ அதை வெத்தல பாக்கு வச்சு அழைச்சுட்டு வரச் சொல்ற."

"வௌவாலு திரும்பி வருமேக்கா."

"வரட்டும். வந்தா உன் ஆளுங்க தின்னட்டும். இப்பச் சும்மாத்தானே கிடக்காங்க, சும்மா கிடக்கிறவனுக்கு எதுக்கு விருந்து?"

ரயில்பூச்சி கிளம்பிருச்சு. திரும்பிப் போக அதுக்கு அரை நாள் ஆச்சு.

முள்ளி ஓடைக்குப் போறதையே விட்டுட்டா. பட்டை காஞ்சுச்சு. அப்புறம் வெடிச்சுச்சு. உள்ள இருந்தவங்க சத்தமில்லாமச் செத்தாங்க. கண்ணுக்கே தெரியாதவன் செத்தா யாரு பாக்கப் போறா?

பதினைஞ்சு நாள் கழிச்சு, விடியக்காலையில வௌவாலுங்க வந்து இறங்குச்சு. போனது ஒரு கூட்டம், வந்தது மூணு கூட்டம். சம்பந்தி வீட்டையும் சேத்துக் கூட்டியாந்திருச்சு போல.

மதியத்துக்குள்ள நாத்தம் பொந்துக்குள்ள புகுந்துச்சு. சின்னவ இருமினா. பெரியவன் கண்ணைத் திறக்க முடியாம அழுதான்.

முள்ளி ஓடைக்கு ஓடினா, முங்கினா, வந்து உதறினா. காஞ்ச பட்டை தண்ணியைக் குடிக்கல. தண்ணி வெடிச்ச இடம் பாத்து ஓடிப் போச்சு. மறுபடியும் ஓடினா. மறுபடியும் அதேதான்.

வெடிப்போரம் நின்ன ரயில்பூச்சியைப் பாத்து, "உன் ஆளுங்க எங்கடா?"ன்னு கத்தினா.

"நூத்துக்கு ஒருத்தன் இருக்கான் அக்கா. இவ்வளவு நாத்தம் ஒரே நேரத்துல வந்தா அவனும் திணறித்தான் போவான். பாதி வெடிப்பை மண்ணால அடைச்சு, கொஞ்சம் கொஞ்சமா விட்டா பெருகிருவாங்க."

"எத்தனை நாளு?"

"பத்து."

முள்ளி குட்டிங்களைப் பாத்தா. மண்ணு அடைக்கவும் நேரமில்ல. ரெண்டுக்கும் முள்ளு இன்னும் கெட்டிப்படல, வெளியே நரி திரியுது. ஆனா உள்ள மூச்சு விடவே முடியல. வாயில ஒண்ணைத்தான் கவ்வ முடியும். கிட்ட இருந்தது பெரியவன். அவனைக் கவ்விக்கிட்டுப் போய் ஒரு இலந்தைப் புதருக்குள்ள தள்ளிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தா.

சின்னவ இருமுறதை நிறுத்தியிருந்தா.

முள்ளி அவளை நக்கினா. மூக்கால தள்ளிப் பாத்தா. அப்புறம் தூக்கிக்கிட்டு வெளியே வந்து, ஓடைக்கரையில இலையைப் போட்டு மூடினா.

அப்புறம் சாரல் பிடிச்சு, நாத்தம் கொஞ்சம் தணிஞ்சு, பட்டை மெல்ல நனைஞ்சுச்சு. மிச்சமிருந்தவங்க தின்னாங்க, பெருகினாங்க. பொந்துக்குள்ள காத்து சுத்தமாச்சு. ரயில்பூச்சி நாள் முழுக்க நடந்து இலந்தைப் புதருக்கு வந்துச்சு.

"அக்கா, இப்ப வரலாம். காத்து நல்லா இருக்கு."

முள்ளி பெரியவனுக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தா. இன்னொரு பக்கம் பால் கட்டி வலிச்சுச்சு.

"நீ போ தம்பி," அப்படின்னா.

நீதி: ஆபத்து இல்லாத நாளில் பட்டினி போட்ட காவல், ஆபத்து வரும் நாளில் எழுந்து நிற்காது.