நண்டுத்தீவின் நூறு கையெழுத்து

நண்டுத்தீவுக்கு வந்த நிர்வாகிகள் யாரும் அங்கே தங்கியதில்லை. குடிநீர் கேட்கக்கூட மக்கள் கடல் தாண்ட வேண்டியிருந்தது. புது நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வந்த அதிகாரி நமச்சிவாயம், அந்த வேலைக்குத் தன் மைத்துனரையே கூட்டி வந்தார். மைத்துனர் இறங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

விண்ணப்பித்த இன்னொருவர், படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் சலேத்மேரி. அவளைக் கழித்துவிட, ஊர் முன்னால் அதிகாரி சொன்னார்: “இந்த ஊர்ல இருக்கிற நூறு வீடும் ஒத்துக்கிற ஒரு விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. வேலை உனக்குத்தான்.”

எதற்கும் ஒத்துப்போகாத ஊர் அது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நூறு கையெழுத்தோடு வந்து நின்றாள்.

“என்னம்மா எழுதினே?”

“நீங்களே படிச்சுப் பாருங்க ஐயா.”

அவர் உரக்கப் படித்தார்: “அதிகாரி ஐயா மைத்துனரோடு உடனே ஊர் திரும்ப வேண்டும்.”

எல்லோர் முன்னாலும் கொடுத்த வாக்கு. வேறு வழியின்றி நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவரை வழியனுப்ப ஊரே வந்தது. படகு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.