கெஸ்ட்டு அவுசு

"கெஸ்ட்டு அவுசு!"ன்னு மிக்கேல் ஃபோன்ல கத்துனார்.

அதே மூச்சுல பொண்டாட்டி சலேத்தும் குறுக்க குனிஞ்சு, "கெஸ்ட்டு அவுசு!"ன்னு கத்துனாங்க.

ரூம் கேட்ட வெள்ளைக்காரம்மா பட்டுன்னு வச்சுட்டாங்க.

ராமேஸ்வரத்துல ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுன ரூமு எல்லாம் காலியாவே கெடக்கு.

"இந்த சீசனும் இப்படியே போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." சொல்லிட்டு சலேத் படுத்துட்டாங்க.

மிக்கேல் நேரா இங்கிலீஷ் டியூஷனுக்குப் போனார். டீச்சர் ஃபர்ஹானாவுக்கு அவரு பொண்ணு வயசுதான். காலையிலேருந்து கிளாஸ் எடுத்து, தொண்டை கட்டி, சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க.

"டீச்சர், எனக்கு அந்த வார்த்தை சரியா வரல. அதான் வச்சுட்டாங்க."

"சொல்லுங்கண்ணே."

"கெஸ்ட்டு அவுசு."

டீச்சர் மேசையைத் தட்டுனாங்க. "கெஸ்ட். ஹவுஸ். ரெண்டே தட்டு. நீங்க நாலாக்கிட்டீங்க. கடைசியில ஒட்டுற 'உ'வை வெட்டுங்க."

வெட்டுனார். "கெஸ்ட்! ஹவுஸ்!"

"ரெண்டும் கத்துது."

"ரெண்டும் முக்கியம்தானே?"

"முக்கியம்தான். ஆனா முதல் தட்டு ஓங்கி. ரெண்டாவது மெதுவா."

"ஹவுஸ் பாவம் டீச்சர். கட்டுனதே அதைத்தான்."

டீச்சருக்கு சிரிக்கக்கூடத் தெம்பு இல்ல.

"அப்ப அதை விட்டுரவா?"

"முழுங்கக் கூடாதுண்ணே. இருக்கணும். மெதுவா இருக்கணும்."

"ரெண்டும் சத்தமா இருந்தா என்ன ஆகும்?"

"தனித்தனி வார்த்தையாப் போயிரும்."

மிக்கேல் மேசையை ஓங்கி ஒரு தட்டு, மெதுவா ஒரு தட்டு தட்டிப் பாத்தார். அப்புறம் செருப்பை மாட்டுனார்.

"அண்ணே, கிளாஸ் இன்னும் முடியல!"

"போதும் டீச்சர்."

மறுநாள் ஃபோன் அடிச்சுது. சலேத் எடுத்தாங்க. தெரிஞ்ச இங்கிலீஷ்ல கடலைச் சொன்னாங்க, மீன் குழம்பைச் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே, இந்த மனுசன் எப்ப குறுக்க விழுவாரோன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருந்தாங்க.

மிக்கேல் வாயைத் திறந்தார். மூடிக்கிட்டார். அப்பப்ப அடிக்குரல்ல, "எஸ் மேடம்." அவ்வளவுதான்.

ஃபோனை வச்சதும் சலேத் அவரு நெத்தியைத் தொட்டுப் பாத்தாங்க.

"வர்றாங்களாம். ஆமா, உங்களுக்கு என்ன, ஒடம்பு முடியலையா?"

"நான் ஹவுஸு."

"என்னது?"

மிக்கேல் காலி ரூமுக்குப் போனார். போய் பெட்ஷீட்டை உதற ஆரம்பிச்சுட்டார்.

உங்க வீட்டுல யாருங்க ஹவுஸு?