கடைசி ஜன்னல்

வாத்தியார் வேலைக்கு எபிநேசர் வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. லாரி ஓட்டிக்கொண்டே பரீட்சை எழுதித் தேறியவர். அவருக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்த ரெஜினா டீச்சருக்கோ முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே. டீச்சர் முன்னால் கை கட்டித்தான் நிற்பார் மனுஷன்.

கடலோரத்துச் சின்னப் பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு. டீச்சர் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால், இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார். கொடுத்த அர்த்தம் அந்தப் பிள்ளைக்கே சொந்தம். வார்த்தையைச் சொன்னதும் இரண்டு பேரும் எழுந்து நடித்துக் காட்ட வேண்டும்.

'பேட்' ஜெனோவாவுக்கும் ரோசிட்டாவுக்கும் வந்தது. ஜெனோவா கிரிக்கெட் மட்டை. ரோசிட்டா வௌவால். அந்த வாலு சும்மா நிற்குமா? கடைசி ஜன்னலின் குறுக்குக் கம்பியில் முழங்காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குவாள். இரட்டைச் சடையும் தரையைக் கூட்டும். நாலு மணி அடித்தால்தான் இறங்குவாள்.

போன மாதம் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள், பாவம். அன்றிலிருந்து ஜெனோவா வாயைத் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பேசாவிட்டால் படிப்பை நிறுத்திச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். இன்றைக்கு வெள்ளி.

காலையிலிருந்து மழை. எல்லா ஜன்னலையும் சாத்திய டீச்சர், கடைசி ஜன்னலை மட்டும் விட்டுவிட்டார்.

"சாரல் அடிக்குதே டீச்சர். அதை மட்டும் ஏன் சாத்த மாட்டேங்கிறீங்க?"

"பாடத்தை நீங்க எடுங்க சார்" என்று டீச்சர் சாக்பீஸை நீட்டினார்.

எபிநேசர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காலியாக் கிடக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பிள்ளை இப்படி ஆயிட்டா. வௌவாலை வேற யாருக்காவது கொடுத்திரலாமா?"

"கொடுத்துப் பாருங்க."

அவர் சகாயராணியைக் கூப்பிட்டார். "இனிமே நீதாம்மா வௌவால்" என்று சொல்லிவிட்டு, "பேட்" என்றார்.

ஜெனோவா எழுந்து மட்டை பிடிப்பதுபோல் நின்றாள். சகாயராணி ஜன்னல்வரைக்கும் போனாள். நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"என்னம்மா?"

"இடமில்ல சார்."

பஸ்ஸில் இடமில்லை என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"என்ன விளையாட்டு இது" என்று எபிநேசரே விறுவிறுவென்று போய்க் கம்பியைப் பிடித்தார். காலையிலிருந்து சாரலில் நனைந்த இரும்பு அது. இளஞ்சூடாக இருந்தது.

பயத்தில் கையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"கையை எடுங்க சார். அவளுக்குக் கூசும்."

சொன்னது ஜெனோவா. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. அவள் எபிநேசரைப் பார்க்கவில்லை. கம்பிக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எபிநேசர் மேஜைக்குத் திரும்பி வருவதற்குள் வேர்த்துவிட்டது.

"பேசிட்டா டீச்சர்."

"கேட்டேன் சார்." டீச்சருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்போ அங்கே..." கேள்வியைப் பாதியில் விட்டார். வேறு கேட்டார். "இப்பவாவது அந்த ஜன்னலைச் சாத்திரட்டுமா?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணரைதானே ஆகுது. அவ இறங்கட்டும் சார்."