கயிறு கழட்டாத எருமை

இல்ல மருமகன், வட்டிக்குத் தொப்பி போட்டுவிட்ட மாதிரித்தான் எண்டு சொன்னீங்களே, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டன். லீசிங் ஃபோமையும் பேங்க்ல வட்டியில்லாப் பிரிவு தந்த ஃபோமையும் மடியில வெச்சிக்கிட்டு, ரெண்டிலயும் மாசம் கட்டுற காசு ஒண்டுதானே எண்டு கேக்கிறீங்க. நீங்க வாங்கப் போறது த்ரீவீல். நான் சொல்லப் போறது எருமை. கேட்டுப்போட்டுக் கையெழுத்து வைங்க.

நம்மட ஊர்ல தயிர் விக்கிற ராஹிலா இருக்காவே. புருஷன் மௌத்தான பொறகு ரெண்டு கொமர்ப் புள்ளைகளையும் தயிர்ச் சட்டியாலதான் வளத்தவ. பால் அடுத்தவன்ட, லாபமும் அடுத்தவன்ட. சொந்தமா ஒரு எருமை வேணுமெண்டு அந்த வட்டியில்லாப் பிரிவுக்குப் போனா. அங்க ஜவ்பர் எண்டு ஒரு புது ஒபிசர். காசாத் தர மாட்டம் ராத்தா, பேங்க் எருமைய வாங்கும், லாபம் வெச்சு ஒங்களுக்கு விக்கும், மூண்டு வருஷத்தில கட்டுங்க எண்டான். பேங்க்குக்குப் பால் கறக்கத் தெரியுமா எண்டு இவ கேட்டிருக்கா. கறக்கவும் தெரியாது, புடிக்கவும் தெரியாது, அதால எங்கட சார்பா நீங்களே போய்ப் புடிச்சிட்டு வாங்க எண்டானாம். வாங்குவன் எண்டு ஒரு வாக்குறுதி மட்டும் எழுதி எடுத்தான். பொறகு சொன்னது இதுதான்:

"வீட்டுக்கு வந்து போன் அடிங்க ராத்தா. நான் வித்தன் எண்டு சொல்லுவன், நீங்க வாங்கினன் எண்டு சொல்லணும். அது வரைக்கும் அது எங்கட எருமை."

வித்தவர் வயலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கந்தவனம். அந்த மனுஷன் எருமைக்கெல்லாம் நட்சத்திரத்துப் பேர் வெப்பார். ஒருக்கா ரெண்டுக்கு ரேவதி எண்டு வெச்சிட்டு, ஒண்டக் கூப்பிட்டா ரெண்டும் வந்து நிக்கும். சரி, அத விடுங்க. இது ரோகிணி, நிறைசினை. காலையிலயே பேங்க் காசக் கட்டிட்டு. ஆனா வித்த மாட்டோட பழைய கயிறு போகக்கூடாது. வித்தவர் தன்ட கயித்தக் கழட்டணும், வாங்க வந்தவங்க புதுக் கயிறு போடணும். ராஹிலா போன அவசரத்தில புதுக் கயித்த மறந்திட்டா. கந்தவனம் வானத்தப் பாத்தார், இருட்டிக்கிட்டு வருது. என்ட கயித்தோடயே கொண்டு போ புள்ள, நாளைக்கு அனுப்பு எண்டார். அவர்ட ஆயுசில அதுதான் முதல் தரம்.

நடு வயல்ல ரோகிணி படுத்திட்டு. அங்கயே ஈண்டிச்சு. பொட்டைக் கண்டு. மழையும் இடியும். இடியெண்டா எனக்கு மூத்தவர், எங்கட காக்கா, ஒருக்கா நெல்லுச் சாக்குக்குள்ள தலைய விட்டவர், அது வேற கதை. ராஹிலா கண்டுக்குட்டியத் தோள்ல தூக்கி மேட்டில வெச்சிட்டுத் திரும்பிறா, வெள்ளையா ஒரு வெளிச்சம். தாய் கிடந்த இடத்தில புல்லுப் புகையிது. ஒரு கவளம் சோறு மென்டு முழுங்கிற நேரம், மருமகன். அந்த நேரம் முந்தியிருந்தா இவவும் இல்ல, கண்டும் இல்ல.

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பொறகு ஜவ்பரே போன் அடிச்சான். எருமை வந்திட்டா ராத்தா, விக்கட்டா எண்டான். இவவுக்குத் தெரியும், அந்தப் பொடியன் வாங்கின முதல் எருமை அது. வாங்கினன் எண்டே எழுதுங்க தம்பி எண்டா. எருமை வந்திட்டு எண்டு மட்டும் சொல்லல்ல.

"ராத்தா, எருமை எங்க நிக்கிது?"

"வயல்ல கிடக்கு தம்பி."

அவன் விக்கல்ல. போன வெச்சிட்டான்.

அடுத்த நாள் நான் பாஸ் புத்தகம் பதியப் போய் பேங்க் மர வாங்குல குந்தியிருக்கன். கண்ணாலயே கண்டன். மனேஜருக்கு முன்னால மூண்டு பேர். ராஹிலா சொல்றா, வாங்குவன் எண்டு வாக்குக் குடுத்தவ நான், கண்டுக்குட்டியத் தூக்கினன், தாய விட்டிட்டன், மூண்டு வருஷமும் கட்டுறன் எண்டு. கந்தவனம் துணியில முடிஞ்ச காச மேசையில வெச்சார். என்ட கயிறு கழட்டல்ல, அப்ப செத்தது என்ட மாடு எண்டார். முதல் எருமையே இப்பிடியெண்டா உன்ட கதிரையும் போயிரும் எண்டு மனேஜர் காலையிலதான் ஜவ்பருக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பொடியன் எழும்பி, சேர், நட்டம் பேங்க்கிட எண்டான்.

லாபத்துக்கு அடிபடுற ஆக்கள எத்தின பேரக் கண்டிருப்பன். நட்டத்த எனக்குத் தா எனக்குத் தா எண்டு மூண்டு பேர் நிண்டது, இந்த எழுவத்தி நாலு வயசில அண்டைக்கு மட்டுந்தான். வெளியில, காவல்காரன்ட கதிரைக் கால்ல கட்டின கண்டுக்குட்டி கத்துது.

இப்ப நீங்க சொல்லுங்க மருமகன். மூண்டு பேரிலயும் ஆர் சொன்னது சரி? செத்த எருமை ஆருக்கு, உசிரோட நிக்கிற கண்டு ஆருக்கு?

யோசிச்சது போதும். ஜவ்பர் சொன்னதுதான் சரி. கயிறு ஊர் வழக்கம், அது விலை பேசாது. காசு கைமாறி, எருமையும் கைமாறின பொறகு கந்தவனத்துக்கு அதில ஒண்டுமில்ல. ராஹிலா குடுத்தது வாங்குவன் எண்ட வாக்கு, வாங்கினன் எண்ட சொல் இல்ல. அண்டைக்கு அவ பேங்க்கிட கை. கை பிழை விடாட்டி கைக்குக் குத்தம் இல்ல. ஆகவே எருமை பேங்க்கிட. நட்டம் ஆர்டயோ லாபமும் அவர்ட, அதால கண்டும் பேங்க்கிட. மனேஜர் புத்தகத்தப் புரட்டிப் பாத்து, ஓம் எண்டார். ஜவ்பர்ட கதிரையும் போகல்ல. அந்த இடத்திலயே அவன் வித்தன் எண்டான், ராஹிலா வாங்கினன் எண்டா, கண்டு அவட ஆச்சு. புதுக் கயிறு கந்தவனம் வாங்கிக் குடுத்தார்.

இனி அந்த ரெண்டு ஃபோமையும் கொண்டு போய் ஒரே கேள்வி கேளுங்க. த்ரீவீல நீங்க வாங்கி எனக்கு விக்கிறதுக்கு இடையில அது எரிஞ்சு போனா ஆருக்கு நட்டம் எண்டு. எங்களுக்கு எண்டு ஆர் சொல்றாங்களோ, அங்க வைங்க கையெழுத்த.

ஜெஸீமா, வாசல்ல ராஹிலாட சத்தம் கேக்குது. அந்தக் கண்டுக்குட்டி வளந்து, ஈண்டு, இப்ப கறக்கிற பாலில உறைஞ்ச தயிர். சட்டிய உள்ளுக்குக் கொண்டு வா மகள்.