வாசலில் நின்ற ராஜா

முன்னொரு காலத்தில், காலையில் ஓர் எண்ணம், மாலையில் வேறோர் எண்ணம் என்று வாழ்ந்த ராஜா ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டுக்கு ஒரு தூதர் வேண்டியிருந்தது. "விரும்புகிறவர்கள் தங்களைப் பற்றி ஓலையில் எழுதிக் கொடுங்கள்" என்றார்.

மந்திரி பெருநம்பி கூடை நிறைய ஓலை கொண்டுவந்தார். அவர் முதல் பல் முளைத்ததுகூட அதில் இருந்தது. சபையின் விகடகவி இளநாகன் கொடுத்ததோ ஒரே ஓலை. 'பக்கத்து நாட்டு மொழி பேசுவேன். எல்லைத் தகராறு ஒன்றைச் சண்டையில்லாமல் தீர்த்திருக்கிறேன். கோபக்காரரைச் சிரிக்க வைப்பேன்.' அவ்வளவுதான்.

"பிறந்த ஊர் இல்லை, குருவின் பெயர் இல்லை. எதையோ மறைக்கிறான் அரசே" என்றார் பெருநம்பி.

ராஜாவின் முகம் சிவந்தது. "இந்தச் சபையில் இனி யாருடைய வாழ்க்கையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. குறைத்தால் அது மறைப்பு. இளநாகா, நாளை சபையில் தகுந்த காரணம் சொல். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போ."

வீட்டில் இளநாகனின் மனைவி குமுதவல்லி நிறைமாதக் கர்ப்பிணி. "வண்டி கட்டச் சொல்லவா?" என்று கேட்டாள். கை வயிற்றைப் பிடித்திருந்தது.

"இந்த நிலையில் உன்னை எந்த வண்டியிலும் ஏற்றமாட்டேன். கட்டியங்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றான் அவன்.

ராஜா சபைக்குள் நுழையும்போது அவர் பெருமைகளைச் சொல்லி அறிவிப்பவர் கட்டியங்காரர். அவர் முடிக்கும்வரை ராஜா வாசற்படி தாண்டக் கூடாது. அது பாட்டனார் காலத்து வழக்கம். தினமும் நாலு வரியில் முடிந்துவிடும்.

மறுநாள் முடியவில்லை. கட்டியங்காரக் கிழவர் ராஜாவின் பிறப்பில் ஆரம்பித்தார். குதிரைக்குட்டி அவரைக் கீழே தள்ளிய கதை வந்தது. குருவின் தோட்டத்தில் மாங்காய் திருடி முழங்காலில் நின்றது வந்தது. சபை உதட்டைக் கடித்துக்கொண்டது. ராஜாவுக்குக் கிரீடம் கனத்தது, கால் கடுத்தது.

"நிறுத்துமய்யா!" என்றார் பெருநம்பி.

"அரசருடைய வாழ்க்கையை மறைக்கச் சொல்கிறீர்களா மந்திரியாரே?" என்று பணிவாகக் கேட்டான் இளநாகன். "குறைக்கக் கூடாது என்பது நேற்றைய உத்தரவு."



"இளநாகா," என்றார் ராஜா களைப்போடு, "நான் போய் உட்கார என்னதான் சொன்னால் போதும்?"

"'நாடாளும் மன்னர் வருகிறார்' என்றால் போதும் அரசே. முழு வரலாறு கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கட்டும். அறிய விரும்புகிறவர் நிதானமாகப் படிப்பார். வாசலில் காத்திருப்பவருக்கு வேண்டியது வேறு. தூதரைத் தேடிக் காத்திருக்கும் தங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். அதனால்தான் ஒரே ஓலை."

 ராஜா கிரீடம் சரியும்படி சிரித்தார்.

"தூதர் நீதான். குழந்தை பிறந்த பிறகு புறப்பட்டால் போதும். உன்னோடு வர குமுதவல்லிக்கு என் பல்லக்கு தருகிறேன். கூட மருத்துவச்சியும் போகட்டும். பெருநம்பி, உமது கூடையை ஓர் ஓலையாக்கிக் கொண்டுவாரும்."

சிம்மாசனத்தில் அமர்ந்தவர் இளநாகனை அருகே அழைத்துக் காதில் சொன்னார்:

"கல்வெட்டு சரி. அந்த மாங்காய் மட்டும் வேண்டாம்."