மணல் தொட்டியில் உழவாரம்

"அம்மா, என்னை மடத்தை விட்டு அனுப்பிடுங்க. என் கை ராசியில்லாத கை."

சிவக்கொழுந்து இப்படிச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். வடிவாம்பிகை அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருவரில் அம்மையார்தான் குரு. வயதில் மூத்தவர் சீடர்.

"தொட்டி இன்னும் தேறலையா?"

"தேறலைம்மா."

அந்தத் தொட்டிக்காகக் கொள்ளிடக் கரையே பாடுபட்டிருந்தது. மழைக்காலம் முடிந்தால் கரையோர ஊர்களில் வாந்திபேதி வரும். முதலில் குழந்தைகளைத்தான் பிடிக்கும். அதற்கு ஒரு வழி செய்யவே மடம் பெரிய குடிநீர் நிலையம் கட்டியது. ஆற்று நீர் குளம்போன்ற தொட்டிக்குள் வந்து, ஆளுயர மணலுக்குள் மெல்ல இறங்கி, அடியில் சுத்தமாகி வெளியேற வேண்டும். ஊர் ஊராக ஜனங்கள் வந்து மணலைச் சலித்துக் கழுவிக் கொட்டினார்கள். குழாயும் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது.

வால்வு மட்டும் திறக்கவில்லை.

தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரிதான் வந்தது. ஆனால் டவுனில் பரிசோதித்தவர்கள், கிருமி இருக்கிறது, குடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினார்கள். அன்று காலை கீழத்தெரு பூங்கோதை மடத்து வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் குழந்தை வாந்திபேதியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. எப்போது திறப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். சிவக்கொழுந்து நேரே அம்மையாரிடம் வந்துவிட்டார்.

"தொட்டிக்கு என்னென்ன செய்யறீங்க?" என்று கேட்டார் அம்மையார்.

சிவக்கொழுந்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. செய்வதைச் சொல்லச் சொன்னால் அவருக்கு நாளெல்லாம் சொல்ல இருக்கும். மேஸ்திரி வேலை போய், வீடும் போய், பசியோடு வந்தவரை ஊர் பேர் கேட்காமல் இலை போட்டு உட்காரவைத்த மடம் இது. அந்த நன்றியை அவர் வாயால் சொன்னதே இல்லை. உழவாரம் எடுத்தார். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிற அந்தச் சின்னக் கருவிதான் அவருடைய நன்றி. அவர் இருக்கும் இடத்தில் பச்சை தலைகாட்டாது.

தொட்டியிலும் அப்படித்தான். மணல்மேல் பாசி தெரிந்தால் மறுநாளே தண்ணீரை வடித்துவிடுவார். உள்ளே இறங்கித் திருமுறை பாடிக்கொண்டே செதுக்கி, மணலை மணலாக்கிவிட்டுத்தான் மேலேறுவார். சுத்தம் சோறு போடும் என்பதை அவரைப்போல் நம்பியவர் யாருமில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மையார் எழுந்தார். சமையற்கட்டுக்குள் போனார். சீடர் பின்னாலேயே போனார்.

மூலையில் உறை ஊற்றிய பால் மூடியிருந்தது. அம்மையார் மூடியை எடுத்தார். கரண்டியை உள்ளே விட்டுக் கலக்கத் தொடங்கினார்.

"அம்மா, கிண்டாதீங்க. உறைஞ்சுக்கிட்டு இருக்கு."

"மேலே என்னமோ படிஞ்சிருக்கே. சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

"அது படிஞ்சாத்தானே அம்மா தயிராகும்?"

அம்மையார் கரண்டியை எடுத்தார்.

பாலை மூட மூடியை எடுத்த சிவக்கொழுந்து அப்படியே நின்றுவிட்டார்.

தொட்டி கட்டிய இன்ஜினியர் கிளம்பும்போது சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மணல்மேல் பாசித் தோல் ஒன்று படியும், அதில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் கிருமியைத் தின்னும், தண்ணீர் இறங்குவது மந்தமாகும்வரை அதைத் தொடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சிவக்கொழுந்து தலையாட்டினார். டவுன்காரர்களுக்கு உடம்பு வணங்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

"உழவாரத்தைக் கொடுங்க" என்றார் அம்மையார்.

கொடுத்தார்.

மறுநாளிலிருந்து நந்தவனத்துப் புல்லை அம்மையாரே செதுக்கினார். சீடருக்கு ஒரே வேலை. காலையில் தொட்டிக்கரையில் போய் உட்கார வேண்டும். கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாவம், மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாசி படர்ந்தது. வழுவழுவென்று தடித்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், மடத்து ஆட்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று அவர் காதுபடவே பேசினார்கள்.

அவர் ஓடிவந்தார். "பார்க்க முடியலைம்மா."

"பாருங்க" என்றார் அம்மையார்.

பார்த்தார். அழுகை வந்த நாளும் உண்டு, ஆனாலும் இறங்கவில்லை.

அடுத்த முறை டவுனுக்குப் பரிசோதனைக்குப் போன தண்ணீர் திரும்பவில்லை. அதற்கடுத்ததும் திரும்பவில்லை. குடிக்கலாம் என்று டவுனிலிருந்து சொல்லிவிட்டார்கள். அம்மையார் வால்வைத் திறக்கச் சொன்னார். தெருக்குழாய்களில் தண்ணீர் வந்தது. கீழத்தெருவில் குலவை போட்டார்கள். வயசாளிகள் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு யாரும் ஓடவில்லை.

பூங்கோதை ஒருநாள் தொட்டிக்கரைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. அதைக் கரையில் இறக்கிவிட்டு, சிவக்கொழுந்தின் காலில் விழுந்தாள். "எம்புள்ள உங்களாலதான் நடமாடுது, பெரியவரே" என்றாள்.

அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நேரே நந்தவனத்துக்கு வந்தார். கண் நிறைந்திருந்தது.

"என் கால்ல விழறாங்கம்மா. நான் செஞ்சப்பல்லாம் தண்ணி கெட்டுச்சு. கடைசியில ஒண்ணுமே செய்யாமத்தானே உட்கார்ந்திருந்தேன்."

அம்மையார் புல் செதுக்குவதை நிறுத்தினார். இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டார்.

"அதுக்குத்தான்" என்றார்.