விருந்தாளி போட்ட உத்தரவு

மருதங்கரை மகாராஜா எழினிவேள் நல்லவர்தான், கோபம் வராத வரைக்கும். வந்துவிட்டால் போச்சு! குழம்பில் உப்பு குறைந்ததற்கே போர் முரசு கொட்டச் சொல்வார். அப்படிப்பட்டவருக்குத் தியானப் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும்? சொல்கிறேன், கேளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு புத்த விகாரை. அங்கே தர்மசீலர் என்று வயதான பிக்கு ஒருவர். மகாராஜா அவரிடம் போய், "சுவாமி, இந்தக் கோபத்தை என்னதான் செய்வது?" என்று கேட்டார்.

"விரட்டவும் வேண்டாம், கட்டிக்கொள்ளவும் வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலப் பாருங்கள். வரும், இருக்கும், போய்விடும். நான் வேறு, மற்றவர் வேறு என்ற எண்ணம் கரையக் கரைய, அது வருவதும் குறையும்" என்றார் பிக்கு.

நல்ல வார்த்தைதான். ஆனால் நம் மகாராஜா அதில் தனக்குத் தோதானதை மட்டும் பிடித்துக்கொண்டார். மறுநாளே சமையல்காரன் மாசிலன் தலையில் கரண்டி பறந்து விழுந்தது. "ஐயோ!" என்று அவன் உட்கார்ந்துவிட்டான்.

மகாராஜா சாவதானமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "அடித்தது நானில்லை, மாசிலா. கோபம் என்கிற விருந்தாளி. உண்மையில் அடித்தவனும் இல்லை, அடிபட்டவனும் இல்லை. எல்லாம் ஒன்று."

"சரிங்க மகாராஜா. வீக்கம் மட்டும் எனக்குத் தனியா இருக்குங்க" என்றான் மாசிலன்.

அதற்கப்புறம் அந்த அரண்மனையில் யாரும் எதற்கும் மன்னிப்பே கேட்பதில்லை. மந்திரி பேரையூரார் சபைக்குத் தாமதமாக வந்து, "சோம்பல் என்றொரு விருந்தாளி வந்திருந்தார், அனுப்பிவிட்டு வர நேரமாகிவிட்டது" என்பார். கேட்டுவிட்டு மகாராஜா மெச்சிக்கொள்வார். இந்த லட்சணத்தில் நாடு நடந்தது.

அரண்மனை மதிலுக்கு அந்தப் பக்கம் நங்கை என்பவளின் எண்ணெய்ச் செக்கு இருந்தது. புருஷன் போன பிறகு ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அதை ஆட்டித்தான் பிழைத்துவந்தாள். விடிந்ததும் அவள் மாட்டைப் பூட்டுவாள். விடிந்ததும் மகாராஜா தியானத்தில் உட்காருவார். செக்கு கிரீச் கிரீச்சென்று சுற்றும். ஒருநாள் மகாராஜா துள்ளி எழுந்தார்.

"உடையுங்கள் அந்தச் செக்கை! பொழுது சாய்வதற்குள் அவள் என் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!"

பிறகு மூச்சை இழுத்துவிட்டார். "விருந்தாளி வந்தார், போனார்" என்று புன்னகையோடு மறுபடி உட்கார்ந்தார். போட்ட உத்தரவோ போட்டபடியே இருந்தது.

நங்கை அழுதுகொண்டே ஓடியது வெண்காடனிடம். சபையில் வேடிக்கை பேசுவதுதான் அவன் வேலை. ஆனால் வாய் திறந்தால் மந்திரிக்கே வியர்க்கும்.

"விகாரை விளக்குக்கும் நான் ஆட்டுற எண்ணெய்தானே ஐயா! மாட்டையும் இழுத்துக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?"

"அழாதே அம்மா. செக்கை உடைக்க வருகிறவர்களிடம், சபை கலையும்வரை பொறுக்கும்படி நான் சொன்னதாகச் சொல்" என்று அனுப்பிவிட்டு, வெண்காடன் நேராகச் சமையல்கட்டுக்குப் போனான்.

அன்று சபையில் பெரிய ஏற்பாடு. மகாராஜாவுக்கு 'சினம் வென்ற செம்மல்' என்று பட்டம் சூட்ட மந்திரி பிக்குவையே அழைத்து வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து வெண்காடன் உள்ளே வந்தான். பின்னால் மாசிலன். அரியணைக்குப் பக்கத்தில் மணை போட்டார்கள், தலைவாழை இலை விரித்தார்கள், கூட்டும் பொரியலும் அப்பமும் பரிமாறினார்கள். சபை முழுக்க நெய் வாசனை.

"என்னடா கூத்து இது?" என்றார் மகாராஜா.

"விருந்தாளிக்கு, அரசே."

"எந்த விருந்தாளி?"

"காலையில் வந்து செக்கை உடைக்கச் சொன்னாரே, அவர்தான்."

"அவர் அப்போதே போய்விட்டாரே!"

"அடப்பாவமே! அரண்மனைக்கு வந்தவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமலா போய்விட்டார்?" வெண்காடன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது கிடக்கட்டும். ஒரு சந்தேகம் அரசே. நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளி, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று சொல்லலாம். நம் ஊர்ப் பெண்ணை ஊரைவிட்டுத் துரத்து என்று சொல்லலாமா? வந்துபோகிறவர்கள் கையில் முத்திரை மோதிரத்தைக் கொடுக்கிற வழக்கம் உங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் உண்டா?"

உத்தரவு விருந்தாளி போட்டது என்றால் செல்லாது. மகாராஜா போட்டது என்றால் பட்டம் போச்சு. மகாராஜாவுக்குக் காது சிவந்தது, மீசை துடித்தது.

"வெண்காடா, உன்னை..." என்று எழுந்தார்.

வெண்காடன் சட்டென்று ஒதுங்கி நின்று கைகூப்பினான். "வாருங்கள், வாருங்கள்! நல்ல நேரத்தில் திரும்பி வந்தீர்கள். இலை ஆறுகிறது. மாசிலா, கால் கழுவத் தண்ணீர் கொண்டு வா!"

மாசிலன் செம்போடு ஓடி வந்தான். சபையே எழுந்து நின்று கும்பிட்டது. பட்டத்தைக் கையில் வைத்திருந்த மந்திரியும் வேறு வழியில்லாமல் எழுந்தார்.

மகாராஜா எல்லாரையும் பார்த்தார். மாசிலன் நெற்றியில் கரண்டி விட்டுப்போன தழும்பைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மெல்ல உட்கார்ந்தார்.

"விருந்தாளி யாருமில்லை. காலையில் கத்தினது நான்தான். கரண்டியை எறிந்ததும் நான்தான். மாசிலா, தப்புதான்பா. நங்கை செக்கை யாரும் தொடக்கூடாது." பிறகு பிக்குவின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் வீண்தானா சுவாமி?"

"வீணில்லை. இன்றைக்குத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள்" என்றார் பிக்கு.

மகாராஜாவுக்கு மனசு லேசாகிவிட்டது. பழைய குறும்பும் எட்டிப் பார்த்தது.

"வெண்காடா, உனக்குப் பெரிய பரிசு தரலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ வேறு, நான் வேறு இல்லையே! அதனால் உன் பரிசை நானே வைத்துக்கொள்கிறேன். இந்த விருந்தையும் நானே சாப்பிடுகிறேன். உனக்கு வயிறு நிறைந்துவிடும், என்ன?"

பதில் மணையிலிருந்து வந்தது.

"பரிசை வைத்துக்கொள்ளுங்கள் அரசே. விருந்துதான் முடியாது. நாம் இரண்டில்லை, சரி. இலையும் இரண்டில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்!" என்று அப்பத்தைப் பிட்டான் வெண்காடன்.

மகாராஜா சிரித்த சிரிப்பில், மதிலுக்கு அந்தப் பக்கம் நங்கையின் மாடே மிரண்டு நின்றுவிட்டதாம்.